பரிசு வாங்கிய மூடி

எங்கள் கழகத்தில் இதுவரை ஒரு விபத்தும் நடந்ததில்லை. விரல் போயிருக்கிறது. கண்ணில் சிராய் பாய்ந்திருக்கிறது. கட்டை எகிறி ஒருவருக்கு முன்பற்கள் உதிர்ந்திருக்கின்றன. விபத்து மட்டும் நடந்ததில்லை. அது நடக்காமல் பார்த்துக்கொள்வதற்கென்றே பாதுகாப்புப் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதில் நான் குமாஸ்தா.

கழகம் என்றால் தென் வட்டார மரப்பெட்டிக் கழகம். தாம்பரத்தைத் தாண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து ரயில் பாதைப் பக்கம் திரும்பினால் மரத்தூள் வாசனையே வழிகாட்டும். கப்பலேறப்போகிற எந்திர உதிரிகளுக்கு இங்கேதான் பெட்டி அடிக்கிறார்கள். அறுக்க வட்ட ரம்பம், துளை போட டிரில்லிங் மிஷின், இழைக்க ஒன்று, தேய்க்க ஒன்று என்று எல்லாமே கரண்டில் ஓடும். கரண்டில் ஓடாதது பாதுகாப்புப் பிரிவு ஒன்றுதான். அது சர்க்குலரில் ஓடியது.

வட்ட ரம்பத்தை ஓட்டுவது என் அண்ணன் கோதண்டம். கேளம்பாக்கத்துக்குக் கிழக்கே கடலோரக் குப்பத்தில் பிறந்தவர்கள் நாங்கள். வலை இழுக்க வேண்டிய கையை அண்ணன் ரம்பத்துக்குக் கொண்டுவந்தான். அந்தக் கை உழைத்ததில்தான் நான் பி.ஏ. முடித்தேன். எங்கள் வம்சத்தில் முதல் பட்டம். ஆகவே அந்தக் கை பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பது எனக்கு ஆபீஸ் வேலை மட்டும் அல்ல.

அந்த ரம்பத்துக்கு ஒரு மூடி உண்டு. சுற்றுகிற பல்லின் மேல் தொப்பி மாதிரி கவிந்திருக்கும். பலகை உள்ளே போகும், கை போகாது. மிஷினோடு சேர்ந்தே வந்த மூடி. அதற்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து, 'காப்புத் தகடு' என்று பெயர் எழுதி, எங்கள் பாதுகாப்பு அதிகாரி கஸ்தூரிரங்கன் ஒரு தொழில் கண்காட்சிக்கு எடுத்துக்கொண்டு போனார். முதல் பரிசு கிடைத்தது. அன்றோடு அது மூடியாக இருப்பதை நிறுத்திவிட்டது. அவர் அறையில் கண்ணாடி அலமாரி செய்து, உள்ளே பட்டுத் துணி விரித்து, அதன் மேல் மூடியை உட்கார வைத்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு முழம் கதம்பம். ரம்பம் பல்லைக் காட்டிக்கொண்டு சும்மா ஓடியது.

"மூடி இல்லாம எப்படிண்ணா ஓட்டுற?" என்று ஒரு நாள் செம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் சாப்பிடும்போது கேட்டேன்.

"எப்டியா?" என்றான் அண்ணன். "கையப் பாத்தா பலகை கோணிக்குது. பலகையப் பாத்தா கை போய்டும் போலக் கீது."

"முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா மெமோ. கேட்டாண்ட வேலைக்கு எத்தினி பேர் நிக்கிறான் தெரியுமா? நீ பி.ஏ. படிச்சி அந்த ஆபீஸ்லதான குந்திகினு கீற? உன் படிப்ப வச்சி அந்த மூடிய வாங்கிகினு வாயேன் பாக்கலாம்."

மறுநாள் காலையிலேயே கேட்டுவிட்டேன்.

கஸ்தூரிரங்கன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கையில் தள்ளுகட்டை இருந்தது. பலகையின் கடைசித் துண்டை விரலால் தள்ளாமல் ரம்பத்துக்குள் தள்ளுவதற்கு உள்ள கட்டை அது. கரும்பலகையில் எழுத்தைக் காட்டிப் பேச வசதியாக இருக்கிறது என்று அவர் எடுத்து வைத்துக்கொண்டு வெகு நாளாயிற்று. அதாலேயே அலமாரியைச் சுட்டினார்.

"ஏம்மா, அது முதல் பரிசு வாங்கின மூடி. அதைக் கொண்டுபோய் மிஷின்ல மாட்டினா தூசி படியாதோ?"

"மிஷின்ல மாட்டத்தானே சார் மூடி?"

"சாதாரண மூடின்னா மாட்டலாம். இது முன்மாதிரி மூடி. நாலு பேர் வந்து பாக்கணும். பாத்துட்டுப் போய் அவாவா மிஷின்ல மாட்டிக்கணும். புரியறதா?"

"அப்ப நம்ம மிஷினுக்கு வேற ஒண்ணு வாங்கலாமா சார்?"

"தாராளமா வாங்கலாம். ஸ்டோர்ஸைக் கேளு."

ஸ்டோர்ஸைக் கேட்டேன். காப்புத் தகடு ஏற்கெனவே கையிருப்பில் இருப்பதாலும், அது பரிசு வாங்கும் அளவுக்கு நல்ல நிலையில் இருப்பதாலும், புதிதாக வாங்க முகாந்திரம் இல்லை என்றார்கள். நான் திரும்பி வந்து இதைச் சொன்னதும் கஸ்தூரிரங்கனுக்கு முகம் மலர்ந்துபோயிற்று. "பாத்தியா, ஸ்டோர்ஸே ஒத்துண்டுடுத்து, நல்ல மூடின்னு."

தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் மூடி ரம்பத்துக்கு எழுந்தருளும். அவர் எப்போது வருகிறார் என்பது அவருக்குத் தெரிவதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும். காலையில் மாட்டுவார்கள், அவர் காபி குடித்துவிட்டு ஜீப் ஏறியதும் கழற்றித் துடைத்து உள்ளே வைப்பார்கள். அன்று ஒரு நாள் அண்ணன் பாட்டுப் பாடிக்கொண்டே பலகை அறுப்பான்.

அந்த வருஷம் மின்வெட்டு கடுமையாக இருந்தது. பாதி நாள் மிஷின்கள் வாயை மூடிக்கொண்டு கிடந்தன. பாதுகாப்பு வாரம் வந்தது. கஸ்தூரிரங்கன் மேடையேறிப் பேசினார்:

"தோழர்களே! சென்ற மாதம் மின்சாரம் நின்றிருந்த நேரத்தில் நம் தொழிற்சாலையில் ஒரு சிறு கீறல்கூட விழவில்லை. இது பாதுகாப்புப் பிரிவின் இடைவிடாத விழிப்புக்குக் கிடைத்த வெற்றி. மின்சாரம் வந்த பிறகும் இதே தரத்தைக் காப்பது உங்கள் பொறுப்பு!"

கைதட்டச் சொன்னார்கள். தட்டினார்கள். பின்வரிசையிலிருந்து டிரில்லிங் மிஷின் ஓட்டும் லாசரஸ் அண்ணன் எழுந்து நின்றார். சாது மனுஷன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பவர்.

"சார், ஒரு வேண்டுதல். கரண்ட் போறப்ப சுவிட்ச ஆஃப் பண்ணாம உட்டுட்டா, கரண்ட் வந்ததும் மிஷின் தானா சுத்துது. யாராச்சும் கைய வச்சிருந்தா…"

"நல்ல கேள்வி" என்றார் கஸ்தூரிரங்கன். "அதற்காகத்தான் இந்த வருஷம் எல்லோருக்கும் கையுறை!"

எல்லோருக்கும் கையுறை கொடுத்தார்கள். கனத்த கான்வாஸ் துணி, முழங்கை வரைக்கும் தொளதொளவென்று. மேடைக்கு ஒவ்வொருவராக வந்து வாங்கிக்கொண்டு போட்டோவுக்கு நின்றார்கள். அண்ணன் தன் ஜோடியைப் புரட்டிப் பார்த்துவிட்டு மேடையிலேயே சொன்னான்: "சார், இது மூட்டை தூக்கறவனுக்கு நல்லாகீது. சுத்தற மிஷினாண்ட போட்டா புட்ச்சி இஸ்துகினு பூடுமே சார்."

"கோதண்டம், பாதுகாப்புன்னா உனக்கு ஏம்ப்பா இவ்வளவு அலட்சியம்?" என்றார் கஸ்தூரிரங்கன் வருத்தத்தோடு. சாயங்காலமே சர்க்குலர் வந்தது. எல்லா மிஷினிலும் கையுறை கட்டாயம். மறுப்பவர் மேல் நடவடிக்கை. டைப் அடித்தது நான்தான். அடிப்பதற்கு முன் அவரிடம் கேட்டேன். "சுத்தற மிஷினுக்கு வேணாம்னு ஒரு வரி சேர்க்கட்டுமா சார்?" அவர் கையெழுத்துப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டே சொன்னார்: "பாதுகாப்பில் விதிவிலக்கே கிடையாதும்மா."

அண்ணன் போடவில்லை. மெமோ வாங்கினான். லாசரஸ் அண்ணன் போட்டார். அவருக்கு மூன்று பெண் குழந்தைகள். மெமோ என்றால் பயம்.

ஒரு வாரம்கூடப் போகவில்லை. டிரில்லின் முனை கையுறையின் நுனியைப் பிடித்துச் சுருட்டியது. சுவிட்சை நிறுத்துவதற்குள் வலது கையின் ஆள்காட்டி விரலும் நடு விரலும் துணியோடு போய்விட்டன. நான் ஆபீசிலிருந்து ஓடினேன். அவர் கத்தவில்லை. மரத்தூளில் உட்கார்ந்துகொண்டு, "அழாத பொன்னிம்மா, இடது கையில வாசிச்சுக்கலாம்" என்று எனக்குச் சமாதானம் சொன்னார்.

விசாரணைக் குழு கூடியது. தலைவர் கஸ்தூரிரங்கன். உறுப்பினர்கள் அவர் சொல்கிறவர்கள். குறிப்பெடுத்தது நான். குழுவின் சிந்தனை இப்படி நடந்தது: விபத்து என்பது பாதுகாப்பு விதியை மீறுவதால் ஏற்படுவது. லாசரஸ் எந்த விதியையும் மீறவில்லை, கையுறை அணிந்திருந்தார். ஆகவே நடந்தது விபத்து அல்ல.

"அப்ப இன்னாங்க சார் அது?" என்று கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு லாசரஸ் அண்ணன் கேட்டார்.

"நிகழ்வு" என்றார் கஸ்தூரிரங்கன்.

நிகழ்வுக்கு நிவாரணம் கிடையாது. டிரில்லிங் ஓட்ட விரல் போதாது என்று அவரை வாசல் பெருக்கப் போட்டார்கள். அவருக்குப் பதில் ஆள் வருகிறவரை டிரில்லிங்கையும் சேர்த்து ஓட்டும்படி என் அண்ணனுக்கு உத்தரவு. கிழிந்த கையுறையைத் துவைத்துக் காய வைத்து, கண்ணாடி அலமாரியில் மூடிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். 'கடமையாற்றிய கையுறை' என்று கஸ்தூரிரங்கன் என்னை அட்டை எழுதச் சொன்னார். எழுதினேன். எழுத்து அழகாக இருப்பதாகப் பாராட்டினார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே தன் விரல்களை விரித்து விரித்துப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான். "அலமாரில இன்னும் எடம் கீதா மே?"

நான் சிரிக்கவில்லை. மூடி கேட்டு அலைவதை அன்றோடு நிறுத்தினேன். அழைப்பிதழ் எழுத உட்கார்ந்தேன்.

ஆயுத பூஜை நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. மிஷின்களைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்து, தீபாராதனை ஆனதும் வட்ட ரம்பத்தை ஓடவிட்டு முதல் பலகையை அறுக்க வேண்டும். அந்தப் பலகை கோணாமல் அறுபட்டால் வருஷம் நன்றாக இருக்கும் என்பது நம்பிக்கை. வழக்கமாக அண்ணன்தான் அறுப்பான். அழைப்பிதழ் அச்சுக்கு அனுப்புவது பாதுகாப்புப் பிரிவின் வேலை. அதாவது என் வேலை. நான் இப்படி எழுதினேன்: 'முதல் பலகையைத் தம் பொற்கரங்களால் அறுத்து, மின்கருவிகளைப் பாதுகாப்பாகக் கையாளும் முறையை நேரில் செய்து காட்டி விளக்கவுரை ஆற்றுபவர்: பாதுகாப்பு அதிகாரி திரு. கஸ்தூரிரங்கன் அவர்கள்.'

டைப்பிஸ்ட் ஹில்டா அக்கா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். "ஏய், அவர் ரம்பத்துப் பக்கமே போனதில்லையே. மரத்தூள் அலர்ஜின்னு சொல்வாரே."

"பெயரைப் பெரிய எழுத்துல அடிங்கக்கா" என்றேன். "இன்னும் கொஞ்சம் பெரிசா."

கஸ்தூரிரங்கன் அழைப்பிதழைக் கையில் வாங்கி நெடுநேரம் வைத்திருந்தார். "பொற்கரங்கள்னு போட்டிருக்கியே, நன்னா இருக்கு" என்றார். ரிப்பன் வெட்டுகிற மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்திருக்க வேண்டும். எம்.டி.க்கு அவரே நேரில் போய்க் கொடுத்தார். பத்திரிகை நிருபரையும் அவரே வரவழைத்தார். மனைவியையும் பெண்களையும் முன்வரிசையில் உட்கார வைத்தார். ஒலிபெருக்கி வேண்டாமா சார் என்று நான் கேட்டபோது, ஒன்றை உள்ளே கட்டு, ஒன்றை ரோட்டைப் பார்த்துக் கட்டு என்று அவர்தான் சொன்னார்.

பூஜை நன்றாக நடந்தது. கண்ணாடி அலமாரிக்குத் தனியாகத் தேங்காய் உடைத்தார்கள். பிறகு எல்லோரும் ரம்பத்தைச் சுற்றி வந்து நின்றார்கள். பலகையைத் தோளில் சாய்த்து எடுத்துவந்து மேஜை மேல் வைத்தவர் லாசரஸ் அண்ணன். அந்தப் பொறுப்பை நான்தான் அவருக்குக் கொடுத்திருந்தேன். செய்துகாட்டுகிறவருக்கு இரண்டு கையும் வேண்டுமே. அதனால் மைக்கை நான் பிடித்துக்கொண்டேன். அவர் வாய்க்கு நேராக.

கஸ்தூரிரங்கன் தொடங்கினார். "தோழர்களே! மின்கருவி நம் நண்பன். நண்பனிடம் பயம் கூடாது. நம்பிக்கை வேண்டும். இப்போது பாருங்கள், நான் எவ்வளவு அமைதியாக…"

அண்ணன் சுவிட்சைப் போட்டான்.

பக்கத்தில் நின்று கேட்காதவர்களுக்கு அந்தச் சத்தத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. காதுக்குள் கேட்காது, பல்லுக்குள் கேட்கும். குங்குமம் வைத்த ரம்பச் சக்கரம் சிவப்பு வளையமாகச் சுற்றியது. கஸ்தூரிரங்கன் இரண்டடி பின்னால் வந்து என் காலை மிதித்தார்.

"நிறுத்து! நிறுத்துடா!"

அண்ணன் நிறுத்தினான். ரம்பம் முனகிக்கொண்டே ஓய்ந்தது. பிறகு வந்த நிசப்தத்தில் ஒலிபெருக்கிகள் மிகத் தெளிவாகப் பேசின.

"மூடி எங்கே?"

"உங்க ரூம்ல கீது சார்" என்றான் அண்ணன்.

எம்.டி. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கமான் கஸ்தூரி, ராகுகாலம் வந்துடும். தினம் இவங்க அப்படித்தானே ஓட்டறாங்க?"

"இவா பழகினவா சார். மூடி இல்லாம இதுல கைய வைக்க நான் என்ன பைத்தியமா?"

அது உள்ளே ஒரு தடவையும், ரோட்டுப் பக்கம் போய்த் திரும்பி வந்து ஒரு தடவையும் கேட்டது. டீக்கடைப் பக்கம் யாரோ விசிலடித்தார்கள்.

"நாங்க பைத்தியந்தான் சார்" என்றான் அண்ணன். "நீங்க சும்மா வைங்க. மின்கருவி நண்பன்னு இப்பதான சொன்னீங்கோ?"

"எனக்கு விரல் வேணும்ப்பா! எனக்குக் குடும்பம் இருக்கு!"

நிருபர் எழுத ஆரம்பித்திருந்தார். எம்.டி.யின் கழுத்து சிவந்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், நான் மைக்கைப் பிடிக்காத கையால் ஒரு ஜோடி புதுக் கையுறையை நீட்டினேன். "பயப்படாதீங்க சார். சர்க்குலர்படி கையுறை கொண்டுவந்திருக்கேன். போட்டுக்கிட்டு அறுங்க."

கஸ்தூரிரங்கன் அதைப் பாம்பைத் தட்டிவிடுகிற மாதிரி தட்டிவிட்டார்.

"அறிவிருக்கா உனக்கு? சுத்தற மிஷின்ல கையுறை போட்டா கையோட இழுத்துண்டு போயிடும்! இது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

யாரும் விசிலடிக்கவில்லை. முன்வரிசையில் அவருடைய பெரிய பெண் தலையைக் குனிந்துகொண்டாள். லாசரஸ் அண்ணன் பலகையை மேஜையிலேயே விட்டுவிட்டு மெதுவாகச் சுற்றி வந்து அவர் எதிரில் நின்றார். வலது கை கட்டோடு இருந்தது.

"தெரியுங்களா சார்?" என்று கேட்டார். "தெரிஞ்சிதான் குடுத்தீங்களா?"

கஸ்தூரிரங்கன் அப்போதுதான் என் கையில் இருந்த மைக்கைப் பார்த்தார். வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பேசச் சொல்லி நான் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அலமாரிச் சாவி அகப்படவில்லை. எம்.டி. உடைக்கச் சொன்னார். மூடியைக் கொண்டுவந்து மாட்டினார்கள். தள்ளுகட்டையும் வந்து சேர்ந்தது. அண்ணன்தான் பலகையை அறுத்தான். நூல் பிடித்த மாதிரி போயிற்று. நிருபர் இருந்ததால் எம்.டி. ஒரு சிறு உரை நிகழ்த்தினார். மூடிகளை மிஷின்களிலேயே மாட்டிவைக்கும் புரட்சிகரமான திட்டம் ஒன்று கழகத்தின் ஆலோசனையில் வெகு நாளாக இருந்து வந்ததாகவும், இந்நன்னாளில் அது நிறைவேறியதாகவும் சொன்னார். கையுறைகளை மூட்டை தூக்குகிறவர்களுக்குக் கொடுத்தார்கள். லாசரஸ் அண்ணனின் நிகழ்வு மறு ஆய்வுக்குப் பிறகு விபத்தாக உயர்த்தப்பட்டது. விரல்களைப் பற்றி மறு ஆய்வு எதுவும் சொல்லவில்லை.

கஸ்தூரிரங்கனைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே மிஷின் எதுவும் கிடையாது. எல்லா வட்டாரங்களுக்கும் பாதுகாப்பைப் பற்றி அங்கிருந்து சர்க்குலர் அனுப்புவதாகக் கேள்வி. எங்களுக்கு வருவதை நான் படித்துவிட்டு அண்ணனிடம் கொடுத்துவிடுகிறேன். அவன் அதால் ரம்பத்தின் எண்ணெயைத் துடைக்கிறான்.

என் மேலும் விசாரணை நடந்தது. மின்சாரத்தால் இயங்கும் ஒலிபெருக்கிக் கருவியைப் பொறுப்பற்ற முறையில் கையாண்டு, அதிகாரி ஒருவரின் மதிப்புக்குச் சேதம் விளைவித்தது குற்றச்சாட்டு. அதே மேஜை, அதே உறுப்பினர்கள். தலைவர் மட்டும் புதியவர். குறிப்பெடுக்க ஹில்டா அக்கா.

"அவர் பேசக்கூடாததைப் பேசறார்னு தெரிஞ்சதும் மைக்கை ஏன் ஆஃப் செய்யலை?" என்று தலைவர் கேட்டார்.

"ஆஃப் செய்யச் சொல்லி சர்க்குலர் வரலை சார்."

"சரி, போகட்டும். வயசுப் பொண்ணு, பட்டதாரி. எச்சரிக்கையோட விட்டுடலாம்." அவர் பேனாவைத் திறந்தார். "நடந்ததுக்கு வருத்தம் தெரிவிக்கிறயாம்மா?"

"தெரிவிக்கிறேன் சார். ரெண்டு ஒலிபெருக்கிதான் கட்டினோம். தாம்பரம் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்காது."